உகரச் சுட்டு

இரவு இரண்டு பத்துக்குப்
பதினேழாம் எண் காற்றாலை நின்றுபோனது.
காற்று நிற்கவில்லை.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம்
அது எப்போது நின்றிருக்கிறது.

கட்டுப்பாட்டறைத் தரையில் உட்கார்ந்து
பதிவுகளைப் பின்னாலிருந்து படித்தேன்.
என் வரிதான்.
மூன்று வருடம் முன்பு காய்ச்சலோடு எழுதியது.
நினைவகத்தில் ஓர் இடத்தை விடுவித்துவிட்டுப்
பதினோரு வரி தள்ளி
அதே இடத்தைத் தேடிப் போயிருக்கிறேன்.
அங்கே வேறு யாரோ குடிவந்திருந்தார்கள்.
காற்றின் வேகம் கேட்டேன்,
எண்ணெயின் சூட்டைச் சொன்னார்கள்.
இறக்கைகள் அதை நம்பித் திரும்பி
பிறகு பயந்து நின்றன.

சுட்டி என்று இதற்குப் பெயர் வைத்தவர்
வீட்டில் பிள்ளை வளர்த்திருக்க வேண்டும்.

"எல்லாத்தையும் தூர எறி மக்கா.
இனி வாற ஆப்பரேட்டிங் சிஸ்டம்
அடி முதல் மேனேஜ்டு கோடுதான்.
முகவரியை நீ தொடவே வேண்டாம்.
கேட்டா இடம் தருவான்.
மறந்தா அவனே வந்து அள்ளீட்டுப் போவான்"
என்றான் ஆன்றோ ஜெகன்,
பிளாஸ்கிலிருந்து கடைசிச் சாயாவை
எனக்குத் தராமல் ஊற்றிக்கொண்டே.

அவன் என்றால்,
குப்பை அள்ளுகிறவன்.

எனக்குக் கோட்டாறு மார்க்கெட் ரோடு வந்து நின்றது.
காலை ஏழரை, நடுத்தெருவில் மாநகராட்சி லாரி.
வாழைச்சருகு, மீன்பெட்டித் தெர்மோகோல்,
நேற்று விலைபோகாத பிச்சிப்பூ.
பின்னால் என் ஸ்கூட்டர்,
அதன் பின்னால் ஸ்கூல் வேன்,
அதற்கும் பின்னால் எங்கேயோ ஓர் ஆம்புலன்ஸின் சத்தம்.
தெரு சுத்தமாகத்தான் போகிறது.
அதுவரை உலகம் நிற்கும்.

"நாப்பது மில்லிசெகண்ட் நிக்கும்" என்றேன்.
"நாப்பதுதானே."
நாப்பதுதான்.
அதற்குள் இறக்கையின் முனை
மூன்று மீட்டர் போயிருக்கும்,
கேட்பதற்கு ஆளில்லாமல்.

"அதெல்லாம் பழைய கதை.
இப்ப நிக்காம அள்ளுவான்,
கூடவே நடந்து, கொஞ்சம் கொஞ்சமா."
"சரி. அவனை எதுல எழுதியிருக்கு?"

ஆன்றோ கிளாஸைக் கீழே வைத்தான்.
அடியில், எல்லாவற்றுக்கும் அடியில்
யாரோ ஒருவர் வெறுங்கையால்
முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.
அவர் கை நடுங்கினால் என்ன செய்வது என்று
இருவருக்கும் தெரியவில்லை.
அவன் தூங்கப் போனான்.

வாதத்தில் வென்றவளுக்கு
தூக்கம் வரவில்லை.

அ சேய்மை, இ அண்மை.
இடையில் இன்னொன்று இருந்தது, உ.
உவன். உவள். உது.
அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல்
நடுவில் நிற்கிறவர்களைக் காட்ட.
எட்டாம் வகுப்பில் ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்தேன்:
உகரச் சுட்டு இன்று வழக்கில் இல்லை.
விடுவித்தாயிற்று. இடம் காலி.

ஆனால் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில்
இந்த நேரத்திலும் எவளோ ஒருத்தி
"உவன் எங்கை போட்டான்?" என்று கேட்கிறாள்.

ஒரு விரல் எங்கிருந்தாவது சுட்டும்வரை
அது குப்பையில்லை.
ஆன்றோவின் ஆளுக்கு விதி அவ்வளவுதான்.
எல்லா விரல்களையும் பின்தொடர்ந்து போய்ப்
பார்த்துவிட்டுத்தான் அள்ளுவான்.
நான் பார்க்கவில்லை.
முடிந்தது என்று நானே முடிவு செய்தேன்,
காய்ச்சலோடு.

இதை அவனிடம் சொல்லலாம்.
பெஞ்சில் வாய் திறந்து தூங்குகிறான்.
இறக்கைகளை என் கையில் விட்டுவிடு,
மற்றதெல்லாம் உன் ஆளுக்கு என்று
நாளை பேரம் பேசலாம்.
இறக்கைகளையும் எத்தனை வருடம்
என் கையில் விடுவார்கள்,
தெரியாது.

நாலே முக்காலுக்கு வரியைத் திருத்தினேன்.
மேலே ஒரு குறிப்பு, தமிழில்:
உவன் இங்கே இருந்தான், பார்த்துப் போ.
கம்பைலர் அதைப் படிக்காமல் தாண்டிப் போயிற்று.

வெளியே மயில் ஒன்று கரகரத்தது.
பதினேழு மெல்ல முகம் திருப்பி
சுற்றத் தொடங்கியது.
பக்கத்தில் பதினெட்டு
இரவெல்லாம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது,
அதே பழைய வரியோடு.